கரேலினா, லோபஸா? கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் யாருடைய சர்வதேசப் பயணம் பெரியது

பொருநைக்கரையான் (பாளையங்கோட்டை):

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் க்யூபாவின் மிஹாயின் லோபஸ் ஐந்தாவது தங்கத்தை வென்ற நாளிலிருந்து, இடுப்புக்கு மேலே மட்டும் பிடித்து ஆடும் கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் அவருக்கு மேல் ஒருவரும் இல்லை என்று தீர்ப்பே எழுதி முடித்துவிட்டார்கள். இந்தக் களத்திலும் அண்மையில் அப்படி ஒரு பதிவு வந்தது. பலரும் அதை வழிமொழிந்தார்கள். நான் மாறுபடுகிறேன். ஒரே தனிநபர்ப் பிரிவில் தொடர்ந்து 5 ஒலிம்பிக் தங்கம் என்பதை எந்த விளையாட்டிலும் வேறு எவரும் செய்ததில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு வீரரின் சர்வதேசப் பயணம் என்பது நான்காண்டுக்கு ஒருமுறை வரும் ஓரிரு நாள் மட்டுந்தானா என்பதே என் கேள்வி.

ரஷ்யாவின் அலெக்சாந்தர் கரேலினை எடுத்துக்கொள்ளுங்கள். 1988 சியோல், 1992 பார்சலோனா, 1996 அட்லாண்டா என மூன்று ஒலிம்பிக் தங்கம். அவற்றுக்கு இடையிலும் பின்பும் வந்த 1989, 1990, 1991, 1993, 1994, 1995, 1997, 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம். அதாவது 1988 முதல் 1999 வரை 12 ஆண்டுகளில், ஒலிம்பிக் நடந்தால் ஒலிம்பிக், இல்லையென்றால் உலகச் சாம்பியன்ஷிப் என, அந்தந்த ஆண்டின் ஆகப் பெரிய பட்டத்தை அவர் ஒருமுறைகூட இன்னொருவர் கைக்குப் போகவிடவில்லை. போதாக்குறைக்கு ஐரோப்பியப் பட்டங்கள் 12. இதே அளவுகோலை லோபஸுக்கு வைத்துப் பாருங்கள். உலகப் பட்டம் 5 முறை, 2005, 2007, 2009, 2010, 2014. ஆனால் 2006, 2011, 2015 ஆகிய மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்று வெள்ளியோடு திரும்பினார். 2015க்குப் பிறகு உலகச் சாம்பியன்ஷிப் பதக்கப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. இரண்டு வகைப் பட்டங்களையும் கூட்டினால் கரேலின் 12, லோபஸ் 10. ஆண்டுதோறும் வந்து நின்று, வருகிறவர்கள் அனைவரையும் சாய்த்தவர் பெரியவரா, ஒலிம்பிக்குக்கு மட்டும் உடலைக் காத்து வைத்தவர் பெரியவரா?

வள்ளியூர்ச் சீமை:

அண்ணாச்சி, கணக்கு சரிதான். கூட்டிய விதந்தான் சரியில்லை. ஓர் உலகப் பட்டத்தையும் ஓர் ஒலிம்பிக் தங்கத்தையும் ஒரே எடைக்கல்லாக வைத்து 12க்கு 10 என்று நிறுக்கிறீர்கள். உலகப் பட்டம் தவறினால் அடுத்த ஆண்டு இன்னொரு வாய்ப்பு உண்டு. ஒலிம்பிக்கில் வழுக்கினால் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், அதற்குள் இடுப்பும் தோளும் ஒத்துழைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அந்த வாசலை லோபஸ் தொடர்ந்து ஐந்து முறை கடந்திருக்கிறார். 2008 பெய்ஜிங்கில் ரஷ்யாவின் ஹசன் பரோயெவ், 2012 லண்டனில் எஸ்டோனியாவின் ஹெய்க்கி நாபி, 2016 ரியோவில் துருக்கியின் ரீஸா கயால்ப், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜார்ஜியாவின் யாக்கோபி கஜாயா, 2024 பாரிஸில் சிலிக்காக ஆடிய யாஸ்மானி அகோஸ்டா என ஐந்து இறுதிகளில் ஐந்து வேறு மனிதர்கள். இவர்களில் பரோயெவ் முந்தைய ஒலிம்பிக் சாம்பியன்.

வயதையும் பாருங்கள். 2000 செப்டம்பர் 27 அன்று சிட்னியில் கரேலின் அமெரிக்காவின் ரூலன் கார்ட்னரிடம் 0–1 என்று தோற்றபோது அவருக்கு வயது 33. ரியோ இறுதியில் லோபஸ் மூன்றாவது தங்கத்தை வென்றபோது அவருக்கும் வயது 33தான். கரேலினின் பயணம் முடிந்த வயதில் லோபஸுக்கு இன்னும் இரண்டு தங்கம் மீதமிருந்தது. பாரிஸில் 42 வயது நிரம்ப அவருக்கு இரண்டு வாரங்களே குறைவாக இருந்தன. நான்காவது தங்கத்தின் வாசலில் ஒருவர் நின்றுபோனார், இன்னொருவர் அதையும் தாண்டி ஐந்தாவதற்குப் போனார். இதில் எடைபோட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பொருநைக்கரையான்:

தம்பி, சிட்னியை நீ கொண்டுவருவாய் என்று எதிர்பார்த்தேன். அந்த ஒற்றைப் புள்ளி எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கார்ட்னர் கரேலினைத் தூக்கவில்லை, உருட்டவில்லை, எல்லைக்கு வெளியே தள்ளவுமில்லை. இருவரும் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிக் கைகளைப் பூட்டி நின்ற நிலையில் கரேலினின் விரல்கள் நொடிப்பொழுது விலகின. அவ்வளவுதான். புதிதாகப் புகுத்தப்பட்ட ஒரு விதியின்படி அதற்கு ஒரு புள்ளி. இதே கார்ட்னரை 1997இல் கரேலின் 5–0 என்று வென்றிருக்கிறார். 13 ஆண்டுகளாகச் சர்வதேசத் தோல்வியையே அறியாத ஒருவரின் பயணத்தை, விரல் விலகிய ஒரு நொடியை வைத்துச் சிறியதாக்குவது நியாயமில்லை.

அம்பை ஓய்வாசிரியர்:

இருவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டாரப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மல்யுத்த விதிகளைத் தேடித்தேடிப் படித்த பழக்கத்தால் எழுதுகிறேன். சிட்னிப் போட்டியைப் பற்றி ‘விதி சதி செய்துவிட்டது’ என்ற தொனியில் எழுதப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் அங்கே நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கிரேக்க-ரோமன் பாணியில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. காலைக் கொண்டு தட்டவோ பின்னவோ கூடாது. ஆகவே இரண்டு பேர் சம பலத்தில் நின்றால், ஒருவரை ஒருவர் நெட்டித் தள்ளிக்கொண்டே நேரம் போய்விடும். பார்வையாளர்கள் சலித்துப் போகிறார்கள் என்பதால்தான் சர்வதேச மல்யுத்தக் கூட்டமைப்பு விதிகளை மாற்றிக்கொண்டே இருந்தது. சிட்னியில் இருந்த விதி இது: முதல் 3 நிமிடத்தில் யாரும் புள்ளி எடுக்காவிட்டால், இரண்டாம் பாதியை இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்த நிலையில் தொடங்க வேண்டும், பூட்டிய கையை முதலில் விடுகிறவர் ஒரு புள்ளி இழப்பார். வழக்கமான 6 நிமிடம் முடிந்தும் யாரும் 3 புள்ளியை எட்டாவிட்டால் மேலும் 3 நிமிடம் உண்டு.

இனி அந்தப் போட்டிக்கு வாருங்கள். முதல் பாதியில் கரேலினுக்குத் தன் புகழ்பெற்ற தூக்கை முயல வாய்ப்புக் கிடைத்தது. கார்ட்னர் மல்யுத்த விரிப்போடு விரிப்பாக ஒட்டிக் கிடந்து அதைக் கடந்தார். இரண்டாம் பாதியில் பிடி விலகியது. காணொளியைப் பார்த்து நடுவர்கள் புள்ளி கொடுத்தார்கள். அதன்பிறகு ஏறத்தாழ 5 நிமிடத்துக்கு மேல் கரேலினிடம் நேரம் இருந்தது. ஒரு புள்ளியை மீட்க அது குறைந்த நேரமா? அந்த 5 நிமிடமும் கார்ட்னர் பின்வாங்காமல் நெஞ்சை முட்டிக்கொண்டே நின்றார். கடைசிச் சில நொடிகளில் கரேலின் முயற்சியைக் கைவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டார். எனவே விரல் விலகியதால் தோற்றார் என்பது பாதி உண்மை. விலகிய பிறகு ஒன்றும் செய்ய முடியாமல் போனது மீதி உண்மை. விதி இருவருக்கும் ஒன்றுதான். போட்டிக்கு முன்பே இருவருக்கும் தெரிந்ததுதான்.

சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அன்றைய தலைவர் சமரான்ச் அந்தப் பதக்க விழாவுக்கு நேரில் வந்திருந்தார். நான்காவது தங்கத்தைக் கரேலின் கழுத்தில் போடத்தான் அவர் வந்தார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இப்படி முன்கூட்டியே எழுதி வைத்த முடிவைக் கலைத்த குற்றத்துக்காகத்தான் கார்ட்னரின் வெற்றியை இன்றுவரை ‘அதிசயம்’ என்று சொல்லிச் சற்றே தள்ளி வைக்கிறார்கள் என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டே அவர் உலகப் பட்டத்தையும் வென்றார். 2004 ஏதென்ஸில் வெண்கலமும் பெற்றார்.

பணகுடி இளவட்டம்:

சார்வாள் அந்தத் தூக்கைப் பற்றி ஒரு வரியில் கடந்துவிட்டார். என்னைப் பொறுத்தவரை கரேலினின் சர்வதேசப் பயணம் என்பதே அந்தத் தூக்குதான்.

எங்கள் பக்கத்து வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடப்பது இங்கே பலருக்குத் தெரியும். நானும் தூக்குகிறவன். குத்துக்காலிட்டு அமர்ந்து, வழுவழுப்பான உருண்டைக் கல்லை இரண்டு கையாலும் அணைத்து, முதலில் முழங்காலுக்கு ஏற்ற வேண்டும். அங்கே ஒரு மூச்சு வாங்கி, நெஞ்சுக்கு உருட்டி, தோளுக்குக் கொண்டுபோய், முதுகுக்குப் பின்னால் போட வேண்டும். கல் தரையை விட்டுக் கிளம்பும் அந்த முதல் சாண் உயரந்தான் உயிரை எடுக்கும். பிடி கிடைக்காமல் கை வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆனாலும் கல் உங்களுக்கு எதிராக எதுவும் செய்யாது.

கரேலின் தூக்கியது ஏறக்குறைய 130 கிலோ எடையுள்ள ஆட்களை. அந்த ஆள் விரிப்பில் குப்புறப் படுத்திருப்பான்; கையையும் காலையும் அகல விரித்து, வயிற்றைத் தரையோடு அழுத்தி, எல்லைக்கோட்டை நோக்கி ஊர்ந்துகொண்டும் இருப்பான். கரேலின் அவன் கால் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, மறுதலையாகக் குனிந்து, இடுப்பைச் சுற்றிக் கைகளைப் பூட்டுவார். பிறகு முதுகை நிமிர்த்தி அவனைத் தரையிலிருந்து பெயர்த்து எடுத்து, அப்படியே தன் உடலோடு சுழற்றித் தலைகீழாகச் சாய்ப்பார். எடை குறைந்த பிரிவுகளில் பலர் செய்த உத்திதான் இது. கனத்த பிரிவில் இதை ஆயுதமாக வைத்துக்கொண்டவர் அவர். விழும்போது கழுத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற அச்சத்தில், தூக்கப்படுவதற்கு முன்பே தாங்களாகப் புரண்டு தோளைத் தரையில் கொடுத்துத் தோற்றுவிட்டவர்கள் உண்டு என்று சொல்வார்கள்.

1988 சியோல் இறுதியைப் பாருங்கள். பல்கேரியாவின் ரங்கேல் கெரோவ்ஸ்கி 3–0 என்று முன்னிலையில் இருந்தார். நேரம் முடியப் போகிறது. 21 வயதுப் பையனாக இருந்த கரேலின் அந்தக் கடைசித் தறுவாயில் அவரைத் தூக்கிப் போட்டு 5–3 என்று வென்றார். அன்று தொடங்கி ஒரு தலைமுறைப் பயில்வான்கள் அந்தத் தூக்கை எப்படித் தடுப்பது என்றே பயிற்சி எடுத்தார்கள். லோபஸின் பெயரைச் சொன்னால் இப்படி ஒரு பிடி உங்கள் கண்முன் வருகிறதா? எனக்கு வரவில்லை. ஒருவரின் பெயரே ஒரு பிடிக்கு நிலைத்துப் போவதை எந்தப் பதக்கக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

வள்ளியூர்ச் சீமை:

பணகுடி அண்ணனின் விளக்கம் அருமை. ஆனால் அது அழகுக்கான வாதம். சாதனைக்கான வாதம் அல்ல. லோபஸிடம் ஒற்றை முத்திரைப் பிடி இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதுவே அவருடைய பலம் என்பேன். 1.96 மீட்டர் உயரத்தோடு நெஞ்சால் நெருக்கிக்கொண்டே எதிராளியைப் பின்னுக்குத் தள்ளி, நடுவர் அவனைச் செயலற்றவன் என்று அறிவித்துக் கீழே படுக்க வைக்கும்வரை பொறுமையாக உழைப்பார். கீழே கிடைத்ததும் இடுப்பைச் சுற்றி வளைத்து ஒரு புரட்டு. அதற்கு மேல் அவருக்கு வேலை இல்லை. டோக்கியோவில் அவர் ஆடிய போட்டிகள் எதிலும் எதிராளிக்கு ஒரு புள்ளிகூடப் போகவில்லை.

விதி மாறியதைப் பற்றியும் சொல்கிறேன். பெய்ஜிங்கிலும் லண்டனிலும் மூன்று சுற்றில் இரண்டை வெல்ல வேண்டிய முறை. எடை வரம்பு 120 கிலோ. 2013இல் ஒலிம்பிக்கிலிருந்தே மல்யுத்தத்தை நீக்கலாம் என்ற பேச்சு வந்து, விதிகளைத் திருத்தி, அதே ஆண்டு செப்டம்பரில் இடத்தை மீட்டார்கள். அதன்பிறகு புள்ளிகளை மொத்தமாகக் கூட்டும் முறை. எடை வரம்பு 130 கிலோ. இத்தனை மாற்றத்திலும் மேடையின் உச்சியில் நின்றவர் ஒரே ஆள். புதிய விதி வந்ததும் கரேலின் தடுமாறினார். அதைக் குறையென்று சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

தென்காசிச் சாரல்:

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘உலகின் மிகப் பெரிய மல்யுத்தப் பயணம்’ என்ற சொல் இங்கே தாராளமாகப் புழங்குகிறது. பொருநைக்கரை அண்ணாச்சியின் கூட்டல் முறையையே எடுத்துக்கொண்டால், ஜப்பானின் காவோரி இச்சோ 2004 முதல் 2016 வரை 4 ஒலிம்பிக் தங்கமும் 10 உலகப் பட்டமும் பெற்றவர்; மொத்தம் 14. உங்கள் இருவரின் நாயகர்களும் அதற்குக் கீழேதான். 63 கிலோவில் மூன்றும் 58 கிலோவில் ஒன்றுமாக அந்தத் தங்கங்களை அவர் வென்றார். கிரேக்க-ரோமன் பிரிவில் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமே கிடையாது என்பதால் அவர் ஃப்ரீஸ்டைல்காரர், அதாவது காலையும் பிடித்து ஆடலாம் என்ற பாணிக்காரர். உங்கள் தலைப்புக்குள் வரமாட்டார். அப்படியென்றால் தலைப்பில் உள்ளபடி ‘கிரேக்க-ரோமன்’ என்ற வரம்புக்குள்ளேயே நின்று பேசுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பொருநைக்கரையான்:

தங்கச்சி சொல்வது சரி, வரம்புக்குள்ளேயே நிற்போம்.

ஓய்வாசிரியர் ஐயாவுக்கு ஒரு பதில். கரேலினுக்குச் சிட்னியில் போதிய நேரம் இருந்தது என்கிறீர்கள். இருந்தது. ஆனால் அந்த மனிதர் எந்த உடலோடு அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளைக் கடந்தார் என்பதையும் பாருங்கள். 1996இல் ஐரோப்பியப் போட்டியின்போது மார்புத் தசை கிழிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சில மாதங்களிலேயே அட்லாண்டாவில் இறங்கினார். இறுதியில் அமெரிக்காவின் மேட் கஃபாரியை 1–0 என்று வென்றார். தூக்குவதற்கு உடல் இடம் தராதபோதும், பிடித்து நிறுத்தி வெல்ல அவருக்குத் தெரியும் என்பதற்கு அந்தப் போட்டியே சான்று. தம்பி, விதிக்கும் சூழலுக்கும் தக்கபடி மாறுவது லோபஸின் தனிச்சொத்து அல்ல.

இன்னொன்று. கரேலின் 1988இல் சோவியத் ஒன்றியத்தின் கொடியையும், 1992இல் சோவியத் கலைந்தபின் அதன் முன்னாள் குடியரசுகள் சேர்ந்து அனுப்பிய ஒருங்கிணைந்த அணியின் சார்பில் ஒலிம்பிக் கொடியையும், 1996இல் ரஷ்யக் கொடியையும் தொடக்க விழாவில் ஏந்தி நடந்தவர். ஊதியம், பயிற்சி முகாம், அமைப்பு எல்லாம் குலைந்த ஆண்டுகள் அவை. அந்தக் குலைவின் நடுவில் 1991, 1992, 1993 மூன்றிலும் பட்டம் தவறவில்லை. நோவசிபிர்ஸ்க்கில் சிறுவயது முதல் தன்னை வளர்த்த பயிற்சியாளர் விக்தர் குஸ்னெத்சோவை அவர் கடைசிவரை மாற்றவில்லை.

வள்ளியூர்ச் சீமை:

க்யூபாவில் மட்டும் பாலும் தேனும் ஓடியதா, அண்ணாச்சி? பாரிஸ் இறுதியில் லோபஸின் எதிரே நின்ற அகோஸ்டா யார்? க்யூபாவிலேயே பிறந்து, லோபஸோடு பயிற்சி எடுத்து, நாட்டில் லோபஸ் இருக்கும்வரை தனக்கு இடம் கிடைக்காது என்ற நிலையில் சிலிக்குப் போனவர். வீரர்கள் நாட்டைவிட்டு வெளியேறிக்கொண்டே இருந்த காலத்தில் பினார் தெல் ரியோ மாகாணத்துக் கிராமத்துப் பையன் ஒருவர் இருபது ஆண்டுகள் அங்கேயே நின்றார். அகோஸ்டாவை 6–0 என்று வென்று, காலணிகளைக் கழற்றி விரிப்பின் நடுவில் வைத்து ஓய்வை அறிவித்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸில் கார்ட்னர் விடைபெற்றதும் அதே முறையில்தான்.

மேலப்பாளையத்தான்:

ஒலிம்பிக்கை மட்டுமே அளவுகோலாக வைப்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்தியா இதுவரை ஒலிம்பிக் மல்யுத்தத்தில் பெற்ற பதக்கங்கள் எல்லாமே ஃப்ரீஸ்டைலில் வந்தவை. 1952 ஹெல்சிங்கியில் கே. டி. ஜாதவ் தொடங்கி, 2024 பாரிஸில் அமன் ஷெராவத் வரை ஒருவரும் கிரேக்க-ரோமன் வீரர் இல்லை. வள்ளியூர்த் தம்பியின் கணக்குப்படி நம் நாட்டின் கிரேக்க-ரோமன் வீரர்களுக்குச் சர்வதேசப் பயணமே கிடையாது என்றாகிவிடும். ஆனால் 2013 புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் சந்தீப் துளசி யாதவ் 66 கிலோவில் வெண்கலம் வென்றார். இந்தப் பாணியில் இந்தியாவுக்கு முதல் உலகப் பதக்கம் அது. 2020இல் புதுதில்லியில் சுனில் குமார் 87 கிலோவில் ஆசியத் தங்கம் வென்றார். 1993இல் பப்பு யாதவுக்குப் பிறகு 27 ஆண்டுகள் கழித்து வந்த தங்கம். பாளை அண்ணா விளையாட்டரங்கத்தில் உடற்பயிற்சிக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஃப்ரீஸ்டைலில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற சுசீல் குமாரைத் தெரியும், சுனில் குமாரைத் தெரியாது. ஆண்டுதோறும் நடக்கும் போட்டிகளுக்கு மதிப்பில்லை என்று நாமே சொல்லத் தொடங்கினால் இந்தப் பாணியில் இறங்க யார் வருவார்கள்? அந்த வகையில் நான் கரேலின் பக்கம்.

வள்ளியூர்ச் சீமை:

மதிப்பில்லை என்று நான் சொல்லவே இல்லை. ஒலிம்பிக்கின் மதிப்பு கூடுதல் என்கிறேன். உலகச் சாம்பியன்ஷிப்பின் மதிப்பை விளக்கவும் லோபஸின் பயணமே உதவும். துருக்கியின் கயால்ப் சாதாரண ஆள் அல்ல. கரேலினின் 12 ஐரோப்பியப் பட்டங்களை எட்டிப் பிடித்தவர். அவரிடம் லோபஸ் 2011 இஸ்தான்புல்லிலும் 2015 லாஸ் வேகஸிலும் உலக இறுதியில் தோற்றார். ஆனால் 2012 லண்டன் அரையிறுதி, 2016 ரியோ இறுதி, 2021 டோக்கியோ அரையிறுதி என ஒலிம்பிக்கில் சந்தித்த மூன்று முறையும் லோபஸே வென்றார். ரியோவில் 6–0. ஒரே இருவர், இரண்டு வகை மேடை, நேர் எதிரான முடிவுகள். எந்த மேடைக்காக இருவருமே உயிரைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

பொருநைக்கரையான்:

அதைத்தான் நானும் சொல்கிறேன். கரேலினுக்கு ஒரு கயால்ப் கிடையாது. கிடைக்க அவர் விடவில்லை. 12 ஆண்டுகளில் உலக இறுதியில் அவரை இரண்டு முறை வென்ற ஒருவரின் பெயரை உன்னால் சொல்ல முடியாது. ஒருமுறை வென்றவர்கூட இல்லை. பாரிஸிலோ கயால்ப் களத்திலேயே இல்லை. ஊக்கமருந்து விவகாரத்தில் இடைநிறுத்தப்பட்டிருந்தார்.

அம்பை ஓய்வாசிரியர்:

பாரிஸைக் குறைத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கயால்ப் வரவில்லை என்பது உண்மை. ஆனால் ஈரானின் அமீன் மிர்சாசாதே வந்திருந்தார்; 2023 உலகப் பட்டம் அவருடையது, வயதில் லோபஸைவிட ஏறத்தாழ பதினைந்து ஆண்டு இளையவர். அவரைக் காலிறுதியில் லோபஸ் 3–1 என்றும், அரையிறுதியில் அஜர்பைஜானின் சபா ஷரியாதியை 4–1 என்றும் வென்றார். நடப்பு உலகச் சாம்பியனை 41 வயதில் சாய்த்த பிறகு, போட்டி இளைத்திருந்தது என்று சொல்ல இடமில்லை.

அதே சமயம் வள்ளியூர்த் தம்பி, டோக்கியோ முடிந்து பாரிஸ் வரை மூன்று ஆண்டுகள் லோபஸ் பெரிய போட்டி எதிலும் இறங்கவில்லை என்பதையும் நீங்கள் ஒதுக்கிவிட முடியாது. அது தந்திரமான முடிவுதான். நாற்பதை நெருங்கும் உடலுக்கு ஏற்ற முடிவுங்கூட. கனத்த பிரிவில் ஒவ்வொரு போட்டியும் கழுத்தெலும்பிலும் முழங்காலிலும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் போகும். கரேலின் அப்படி எந்த ஆண்டையும் விட்டுவைக்கவில்லை. அதற்கான விலையைத்தான் சிட்னியில் கொடுத்தார் என்றும் வாதிடலாம். ஆண்டு முழுவதும் ஆடியவரையும் ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்து ஆடியவரையும் ஒப்பிடும்போது, பட்டத்தின் எண்ணிக்கையைவிட அவர்கள் எப்படிச் செலவானார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த ஒரு கோணத்தில் மட்டும் நான் பொருநைக்கரையாரோடு நிற்கிறேன். சிட்னி பற்றிய அவர் வாதத்தோடு அல்ல.

பணகுடி இளவட்டம்:

சார்வாள், ஒரு கேள்வி. 887 வெற்றி, 2 தோல்வி என்று கரேலினைப் பற்றிப் பரவலாக ஒரு கணக்குச் சொல்கிறார்களே, அதில் ஒன்று சிட்னி. இன்னொன்று எது?

அம்பை ஓய்வாசிரியர்:

அது சர்வதேசப் போட்டியே அல்ல, தம்பி. 1987 சோவியத் தேசியச் சாம்பியன்ஷிப்பில் இகோர் ரோஸ்தோரோத்ஸ்கியிடம் 0–1 என்று தோற்றார். அந்த ரோஸ்தோரோத்ஸ்கி 1985லும் 1987லும் உலகச் சாம்பியன். சோவியத் அணிக்குள் நுழைவதே ஓர் உலகச் சாம்பியனைத் தாண்டுகிற வேலையாக இருந்தது. அந்த 887இல் உள்நாட்டுப் போட்டிகளும் கலந்திருப்பதால், சர்வதேசப் பயணத்தைப் பேசும்போது அந்த எண்ணைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

வள்ளியூர்ச் சீமை:

சரி, தோல்வியைப் பற்றியே பேசுவோம். லோபஸ் 2004 ஏதென்ஸில் ஐந்தாம் இடம். மறு ஆண்டே உலகச் சாம்பியன். 2015இல் கயால்ப்பிடம் தோல்வி. மறு ஆண்டே அதே ஆளை வென்று ஒலிம்பிக் தங்கம். தோற்ற பிறகு திரும்பி வந்து பழைய கணக்கைத் தீர்ப்பதும் ஒரு பயணத்தின் பகுதிதான். கரேலின் சிட்னியோடு கோதாவை விட்டே இறங்கிவிட்டார். கார்ட்னரை மறுபடி சந்திக்கவே இல்லை.

பொருநைக்கரையான்:

ஓய்வாசிரியர் சொன்னதைப் படித்த பிறகும் இப்படி எழுதுகிறாயே, தம்பி. 1987இல் தோற்கடித்த ரோஸ்தோரோத்ஸ்கியைத் தாண்டித்தான் கரேலின் 1988 சியோல் அணிக்குள் வந்தார். கணக்கைத் தீர்க்க அவருக்கும் தெரியும். சிட்னியின்போது அவர் ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவையான தூமாவுக்கு 1999 டிசம்பரிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார். 33 வயது, பழைய காயங்கள், நாடாளுமன்ற வேலை. மூன்றையும் சுமந்துகொண்டு வெள்ளிவரை வந்ததே பெரிது என்று நான் நினைக்கிறேன்.

வள்ளியூர்ச் சீமை:

அண்ணாச்சி, தூமா உறுப்பினரான பிறகுதான் 2000ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பட்டத்தை அவர் வென்றார். நீங்கள் முதல் பதிவில் பெருமையோடு எண்ணிய 12இல் கடைசிப் பட்டம் அது. அந்தப் பட்டத்தைக் கணக்கில் சேர்க்கும்போது நாடாளுமன்ற வேலை தடையாக இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் தோற்றதும் தடையாகிவிடுகிறதா? 12இலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் இந்தச் சமாதானத்தை விட்டுவிடுங்கள்.